க்யூபிட்டில் டி.என்.ஏ. அளப்பது எப்படி?

டி.என்.ஏ. செறிவை ஒளி உறிஞ்சுதலால் அளக்கும் நானோடிராப்பில் 80 நானோகிராம்/மைக்ரோலிட்டர் காட்டிய சாம்பிள், ஒளிரும் சாயத்தால் அளக்கும் க்யூபிட் கருவியில் 30தான் காட்டுகிறதா? உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம். 260 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் ஆர்.என்.ஏ., பிரைமர் (குறுகிய டி.என்.ஏ. இழை), உதிரி நியூக்ளியோடைடு எல்லாவற்றையும் நானோடிராப் டி.என்.ஏ. கணக்கிலேயே சேர்த்துவிடும். க்யூபிட்டின் சாயமோ இரட்டை இழை டி.என்.ஏ.வில் ஒட்டினால்தான் பளிச்சென்று ஒளிரும். லைப்ரரி தயாரிப்புக்கு (வரிசையைப் படிக்கும் கருவிக்காக டி.என்.ஏ. துண்டுகளைத் தயார் செய்வது) நம்ப வேண்டியது க்யூபிட்டின் எண்ணைத்தான். இங்கே சொல்வது எச்.எஸ். (உயர் உணர்திறன்) கிட்டுக்கான செய்முறை.

முதலில் கிட்டை அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். சாயம் கரைந்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் சுமார் 18 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். பாதி உருகிய சாயத்தை எடுத்தால் எல்லா அளவும் தப்பும்.

அடுத்து கலவை. சாயம் ஒரு பங்கு, பஃபர் 199 பங்கு. 8 சாம்பிள், 2 ஸ்டாண்டர்ட் (ஒப்பிட்டு அளக்க உதவும், செறிவு தெரிந்த கரைசல்) என்றால் 11 டியூபுக்குக் கலக்குங்கள்: பஃபர் 2,189 மைக்ரோலிட்டர், சாயம் 11. பிளாஸ்டிக் டியூபிலேயே கலக்கவும்; கண்ணாடியில் சாயம் ஒட்டிக்கொள்ளும்.

மெல்லிய சுவருள்ள 0.5 மி.லி. டியூபுகளின் மூடியில் மட்டும் எழுதுங்கள். பக்கவாட்டில் மார்க்கர் மை இருந்தால் ஒளியை மறைக்கும்.

ஸ்டாண்டர்ட் டியூப்: கலவை 190 மைக்ரோலிட்டர், ஸ்டாண்டர்ட் 10.
சாம்பிள் டியூப்: கலவை 198 மைக்ரோலிட்டர், சாம்பிள் 2.

1 மைக்ரோலிட்டர் சாம்பிளும் போதும்தான். ஆனால் பைப்பெட் முனையின் வெளிப்புறத்தில் ஒட்டும் சிறு துளிகூட அங்கே பெரிய பிழையாகும். முனையின் வெளிப்புறத்தை டிஷ்யூவில் ஒற்றிய பிறகு சாம்பிளை டியூபில் விடுங்கள். ஸ்டாண்டர்டில் செய்யும் தவறோ ஒரு சாம்பிளோடு நிற்காது, அத்தனை சாம்பிளையும் கெடுக்கும்.

வோர்டெக்ஸ் கலக்கியில் 2-3 விநாடி சுற்றி, குமிழி போக லேசாக ஸ்பின் செய்து, 2 நிமிடம் வெளிச்சம் படாமல் வைத்துவிட்டுப் படியுங்கள். டியூபைக் கைக்குள் பொத்திக்கொண்டு போகாதீர்கள். சூடேறினால் ஒளிர்வு குறையும். அதே காரணத்தால் கருவிக்குள்ளேயே வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பதும் கூடாது.

கருவி டியூபுக்குள் இருக்கும் செறிவைக் காட்டினால் 100ஆல் பெருக்குங்கள் (200 வகுத்தல் 2). 0.6 நானோகிராம்/மைக்ரோலிட்டர் என்றால் மூல சாம்பிளில் 60 நானோகிராம்/மைக்ரோலிட்டர்.

வரம்பு தாண்டியதாகச் சொன்னால் சாம்பிளை 10 மடங்கு நீர்த்து மறுபடி அளக்கவும். கொதிக்கவைத்த சாம்பிள் மிகக் குறைவாகக் காட்டும், இழைகள் பிரிந்திருக்கும். ஆர்.என்.ஏ.வுக்குத் தனி கிட், தனி ஸ்டாண்டர்ட்; செய்முறை இதேதான், ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) இல்லாத டிப் மட்டும் கட்டாயம். ஜீனோமிக் டி.என்.ஏ. மூன்று முறை மூன்று விதமாகக் காட்டினால் அது கொழகொழவென்று சீராகக் கரையாமல் இருக்கிறது; அகன்ற வாய் டிப்பால் மெதுவாகக் கலக்கி, ஓரிரவு 4 டிகிரியில் வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.