உத்தரியம் தாயத்து அல்ல: கார்மேல் மாதா பக்தியில் நாம் செய்யும் தவறுகள்

புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய அன்று பாட்டி என் கழுத்தில் கார்மேல் மாதாவின் உத்தரியத்தை, நூலில் கோர்த்த இரண்டு சின்னத் துணித்துண்டுகளை, போட்டுவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இதைக் கழற்றாதே, கழற்றினால் காத்து கருப்பு அண்டும்." பாட்டி பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அதனாலேயே பல வருஷம் நான் உத்தரியத்தைப் பயத்தில்தான் போட்டிருந்தேன், மாதாவை நினைத்து அல்ல. உத்தரியம் எந்தத் துறவற சபையிலிருந்து வந்ததோ அந்தக் கார்மேல் சபையின் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்த பிறகுதான், துணியை மட்டும் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் இருக்கும் குடும்பத்தை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. அதே இடத்தில் நிற்கிற பலரைப் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உத்தரியம் என்றாலே மேலாடை என்றுதான் அர்த்தம். துறவிகள் வேலை செய்யும்போது அங்கி அழுக்காகாமல் இருக்க, தோளிலிருந்து முன்னும் பின்னும் தொங்கவிட்ட நீளத் துணி அது. சமையலறையிலும் தோட்டத்திலும் உழைக்கிறவன் போட்டுக்கொள்வது. பிறகு அது கார்மேல் சபையாரின் அடையாள உடையாக ஆனது. நம் கழுத்தில் மார்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று தொங்கும் பழுப்பு நிறத் துணித்துண்டுகள் அந்த உடையின் சின்ன வடிவம். அதாவது நீங்கள் போட்டிருப்பது ஒரு வீட்டின் உடுப்பு. அதைப் போட்டுக்கொள்வது அந்த வீட்டில் சேர்வது, அந்த வீட்டின் ஜெபத்திலும் உழைப்பிலும் பங்கெடுப்பது. திருச்சபையும் இதை (ஞானஸ்நானம், நற்கருணை போல) அருளடையாளம் என்று சொல்வதில்லை, அருள்வேண்டற்குறி, அதாவது ஜெபத்துக்குத் துணையான புனிதப் பொருள், என்றுதான் சொல்கிறது. நம் பேச்சில் "சாமியாரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கு" என்கிறோம் இல்லையா, அந்த மந்திரித்தல் என்ற சொல்லே தாயத்து நினைப்பைக் கூட்டிவந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். குருவானவர் செய்வது ஆசீர்வாதம். நூலுக்கும் துணிக்கும் தனியாகச் சக்தி எதுவும் ஏறுவதில்லை.

அடுத்தது சனிக்கிழமை விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும். "உத்தரியம் போட்டுச் செத்தால், செத்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை மாதா உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு இறங்கி வந்து நம்மை மீட்டுக்கொண்டு போவார்" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். (உத்தரியம், உத்தரிக்கிற ஸ்தலம், இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் தமிழில் இந்த நம்பிக்கை இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். முதலாவது மேலாடை, இரண்டாவது, மோட்சத்துக்குப் போகும் முன் ஆன்மாக்கள் பாவத்துக்குப் பரிகாரமாக வேதனைப்படும் இடம். வேறு வேறு சொற்கள்.) இந்த வாக்குறுதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1322-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் வெளியிட்டதாகச் சொல்லப்படும் ஓர் ஆணை. அந்த ஆணை உண்மையானதல்ல என்பதே வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. உரோமையே 1613-இல் இதில் தலையிட்டது. அது சொன்னது இதுதான்: அன்பில் நிலைத்து இறந்தவர்களுக்கு, உத்தரியம் அணிந்து, தங்கள் நிலைக்கேற்ற கற்போடும் ஜெபத்தோடும் வாழ்ந்தவர்களுக்கு, மாதா தன் பரிந்துரையால் உதவுவார், குறிப்பாகச் சனிக்கிழமைகளில், என்று மக்கள் நம்பலாம், அதைப் போதிக்கலாம். ஆனால் மாதாவே அந்த இடத்துக்கு இறங்கிப் போய் ஆன்மாக்களை மீட்பதாகப் படம் வரையக் கூடாது. 400 வருஷத்துக்கு முன்பே இவ்வளவு தெளிவாகச் சொல்லியாயிற்று. இன்னமும் நவநாள் பிரசங்கத்தில் "சனிக்கிழமை டிக்கெட்" மாதிரி இதைப் பேசினால், பாவசங்கீர்த்தனமும் மனமாற்றமும் தேவையே இல்லை என்று கேட்கிறவர்கள் நினைக்க மாட்டார்களா?

வரலாறு சொல்லும்போதும் கவனம் வேண்டும். 1251 ஜூலை 16 அன்று இங்கிலாந்தில் கார்மேல் சபைத் தலைவர் புனித சைமன் ஸ்டாக்குக்கு மாதா காட்சி தந்து உத்தரியம் கொடுத்தார் என்பது சபையின் பாரம்பரியம். ஆனால் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட சாட்சியம் நம்மிடம் இல்லை, பிந்திய எழுத்துகளில்தான் அது வருகிறது. இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். பழைய ஏற்பாட்டில் வரும் எலியா இறைவாக்கினர் விஷயத்திலும் அப்படித்தான். எலியா காலத்திலிருந்து இடைவெளியே இல்லாமல் சபை தொடர்கிறது என்று கார்மேல் சபையார் வாதாடி, 17-ஆம் நூற்றாண்டில் அதை மறுத்த இயேசு சபை ஆய்வாளர்களோடு பெரிய சண்டையாகி, கடைசியில் 1698-இல் திருத்தந்தை 12-ஆம் இன்னசென்ட் இரு தரப்பையும் பேசாமல் இருக்கச் சொன்னார். எலியா சபையின் முன்மாதிரி, அது போதும். இஸ்ரயேலில் இருக்கும் கார்மேல் மலையில் அவர் ஜெபித்தபோது கடலிலிருந்து எழுந்த கையளவு மேகத்தை மாதாவின் அடையாளமாகச் சபையார் தியானித்தார்கள். அந்தத் தியானத்துக்கு வம்சாவளிச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

உண்மையில் தொடக்கமே அழகானது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கார்மேல் மலையில் சில துறவிகள் தனித்தனிக் குடில்களில் வாழ்ந்தார்கள். எருசலேமின் முதுபெரும் தந்தை ஆல்பர்ட் 1206-க்கும் 1214-க்கும் இடையே அவர்களுக்கு ஒரு வாழ்க்கை ஒழுங்கை எழுதிக்கொடுத்தார். அதில் மாதாவின் பெயரே இல்லை என்றால் நம்புவீர்களா? ஆனால் குடில்களுக்கு நடுவே ஒரு சிற்றாலயம் இருக்கணும் என்று இருக்கிறது, அதை அவர்கள் மாதாவின் பெயரில் எழுப்பினார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி ஆலயம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அந்த இடத்துக்கே உரியவர். ஆக இடம் மாதாவுடையது, இவர்கள் அவர் வீட்டில் குடியிருப்பவர்கள். அப்புறம் "கார்மேல் மலை புனித கன்னி மரியாவின் சகோதரர்கள்" என்ற பெயரே நிலைத்தது. சகோதரர்கள் என்றால் மாதா அவர்களுக்குச் சகோதரியும்கூட. பட்டுப்புடவையும் கிரீடமும் தேரும் மட்டுமே நம் கண்ணில் நிற்கும்போது இந்த நெருக்கம் போய்விடுகிறது, எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பாகத் தெரிகிறது. தேர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கார்மேல் சபைக் கன்னியரான சிறுமலர் தெரசா சாகும் தறுவாயில், 1897-இல், மாதா அரசியைவிட அதிகமாகத் தாய் என்று சொன்னார், யாராலும் பின்பற்ற முடியாதவராக அவரைக் காட்டும் பிரசங்கங்கள் பிரயோஜனமில்லை என்றும் வருத்தப்பட்டார். அதே சபையின் அவிலா தெரசா 1571-இல் தன்னை விரும்பாத கன்னியர் நிறைந்த மடத்துக்குத் தலைவியாக அனுப்பப்பட்டபோது, தலைவியின் இருக்கையில் மாதா சுரூபத்தை வைத்துவிட்டுத் தான் அதன் காலடியில் அமர்ந்தார். வீட்டுக்காரி யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சபைகளைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அவிலா தெரசா 1562-இல் தொடங்கிய சீர்திருத்தத்திலிருந்து பிறகு தனிச் சபை உருவானது, பழைய கார்மேல் சபையும் தொடர்கிறது. 1831-இல் கேரளத்தின் மான்னானத்தில் தொடங்கி, புனித சாவறா குரியாக்கோஸ் வளர்த்த சபை இன்னொன்று. உத்தரியம் எல்லோருக்கும் பொது.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதல்முறை குருவானவர் கையால் சடங்கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதுதான் குடும்பத்தில் சேர்வது. பிறகு கிழிந்தால் புதியதை நீங்களே மாட்டிக்கொள்ளலாம், திரும்பச் சடங்கு வேண்டியதில்லை. வியர்வையில் தோல் அரித்தால், துணிக்குப் பதில் ஒரு பக்கம் இயேசுவின் திருஇருதயமும் மறுபக்கம் மாதாவும் உள்ள பதக்கத்தை அணியலாம், 1910-இல் புனித பத்தாம் பத்திநாதர் அனுமதித்தது. குளிக்கும்போது கழற்றினால் பாவமில்லை, எதுவும் அண்டாது. நைந்துபோன பழையதைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதையுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். பாட்டி போட்டுவிட்டதை நான் எங்கள் வீட்டு முருங்கை மரத்தடியில்தான் புதைத்தேன்.