நூறு நாள் வேலைக் கூலி எங்கே போனது?

ஏரி தூர் வாரிய அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலி வாரக்கணக்கில் கைக்கு வரவில்லை. இணையதளத்தில் வரவு வைத்ததாகக் காட்டியது. பாஸ்புக்கில் பதிவே இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் வங்கியைக் கேட்கச் சொன்னார்கள். வங்கியில், ஆதார் இணைந்துதான் இருக்கிறது, ஊராட்சியைக் கேளுங்கள் என்றார்கள். கணக்கு எண்ணும் சரியாகவே இருந்தது.

பலர் கவனிக்காதது இதுதான்: 2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாகப் போகிறது. கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. என்பிசிஐ, அதாவது வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் நிறுவனத்தின் பதிவில் ஆதாருடன் கடைசியாக எந்த வங்கி சேர்ந்ததோ, அங்கே போய் விழும். மைஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தேன். மகளிர் குழுக் கடனுக்காகக் கணக்குத் திறந்த வேறொரு வங்கியின் பெயர் இருந்தது. அந்தப் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால், மொத்தக் கூலியும் வரிசையாக வந்து விழுந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது.

பழைய வங்கியில் ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவம் கொடுத்தோம். அடுத்த கூலி அங்கேயே வந்தது.