கரிப்பெட்டியில் முழுப்பன்றி: தோல் மொறுமொறுக்காமல் தடுத்தது சாம்பல்

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் பன்றி சுட ஒரு மரப்பெட்டி இருக்கிறது. உள்ளே தகடு அடித்தது, மூடிதான் கரித்தட்டு, அதனால் நெருப்பு மேலே, பன்றி கீழே. கறி எப்போதும் நன்றாக வெந்துவிடும், தோல் மட்டும் வெளுத்து ரப்பர் மாதிரி இழுபடும்.

குளிர்தான் காரணம் என்றார்கள், சுமார் 1500 மீட்டர் உயரம், பனிமூட்டம் வேறு, நம்பும்படியாகத்தான் இருந்தது. காற்றுக்குத் தகரம் நிறுத்தினோம், கரியைக் கூட்டினோம், கொட்டாங்குச்சிக் கரிக்கும் மாறிப் பார்த்தோம். முந்தின இரவே உப்பு தேய்த்துத் தோலை உலர வைத்ததில் கொஞ்சம் பலன் உண்டு, அதை இன்றும் விடவில்லை.

பிடி கிடைத்தது ஒரு மூலையில். காற்று சாம்பலை ஒதுக்கியிருந்த இடத்துக்கு நேர் கீழே, பின்தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தோல் பொன்னிறமாகக் கொப்புளித்திருந்தது. மற்ற இடமெல்லாம் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல். சாம்பல் சூட்டைக் கீழே விடாது, மேலே எவ்வளவு கரி கொட்டினாலும் பயனில்லை.

இப்போது மணிக்கொரு தடவை கரியைச் சலித்து, தட்டைத் தூக்கிச் சாம்பலை முழுக்கக் கொட்டிவிட்டுத்தான் புதுக்கரி போடுகிறேன், வெறுமனே ஓரமாகத் தள்ளினால் போதாது. அப்புறம் பன்றியைத் திருப்பி, தோலை மேலாக வைத்து, கத்தி நுனியால் கீறிவிட்டு, கடைசி அரை மணி நேரம் சுத்தமான தட்டில் கனன்ற கரி. தோல் தலை முதல் வால் வரை படபடவென்று பொரிகிறது, ரொம்ப நிம்மதி. சூட்டுச் சாம்பலைத் தகர டின்னில் கொட்டுங்கள், காப்பிச் செடியடிச் சருகில் வேண்டாம்.