மருத்துவ அலட்சியத்துக்கு இழப்பீடு: வக்கீலைப் பார்க்கத் தயாராவது எப்படி?

சிகிச்சையில் ஏதோ தவறு நடந்திருக்கிறது என்று மனம் சொல்கிறது. மருத்துவமனையில் கேட்டால் நேரான பதில் வரவில்லை. இந்தக் கோபத்தில் பலரும் முதலில் செய்வது முகநூலில் எழுதுவதுதான். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அங்கே எழுதும் ஒவ்வொரு வரியையும் பின்னால் எதிர்த்தரப்பு எடுத்துக் காட்ட முடியும்.

1. தேதியைப் பாருங்கள்

எவ்வளவு நியாயமான வழக்கும் காலக்கெடு தாண்டினால் படுத்துவிடும். இந்தியாவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டுகள். இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டுகள். பாதிப்பு நடந்த நாளிலிருந்தோ, அது அலட்சியத்தால் வந்திருக்கலாம் என்று தெரியவந்த நாளிலிருந்தோ கணக்கு. ஆபரேஷனில் வயிற்றுக்குள் விட்ட பஞ்சு ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் தெரிந்தால், தெரிந்த அந்த நாள் முக்கியம். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கு 18 வயது ஆன பிறகுதான் காலம் ஓடத் தொடங்கும். உங்கள் நாட்டுக் கெடுவை வக்கீலிடம் முதல் கேள்வியாகவே கேளுங்கள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றாலும், அதை நம்பி உட்காராதீர்கள்.

2. ஆவணங்களை வாங்குங்கள்

வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதும் என்று நினைக்கிறார்கள். அது மருத்துவமனை எழுதிய சுருக்கம். உங்களுக்குத் தேவை முழு கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், லேப் முடிவுகள், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்களும்.

நர்ஸ்கள் எழுதிய குறிப்புகளை மறக்கவே மறக்காதீர்கள். நாடித்துடிப்பு, காய்ச்சல், ரத்த அழுத்தம் எல்லாம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். இரவு 2 மணிக்குக் காய்ச்சல் ஏறியதும், டாக்டர் காலை 9 மணிக்குத்தான் வந்து பார்த்ததும் அதில்தான் தெரியும்.

எழுத்தில் கேளுங்கள், உங்கள் கடிதத்தை மருத்துவமனை பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். இந்தியாவில் நோயாளியோ அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இங்கிலாந்தில் வழக்கமாக ஒரு மாதம், கட்டணம் இல்லை. கையில் கிடைத்த அசல் தாள்களில் பேனா வைக்காதீர்கள், கோடுகூடப் போடக் கூடாது.

உயிரிழப்பு நடந்து காரணத்தில் சந்தேகம் இருந்தால், அந்தத் துயரத்திலும் ஒருவர் பிரேதப் பரிசோதனை கேட்டாக வேண்டும். இறுதிச் சடங்கு முடிந்த பிறகு அந்தச் சான்று திரும்பக் கிடைக்காது. கேட்கவே மனம் வராது என்று தெரியும். ஆனாலும் கேளுங்கள்.

3. நடந்ததைத் தேதி வாரியாக எழுதுங்கள்

இரண்டு பக்கம் போதும். எந்த நாள், யார் பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், கூட யார் இருந்தார்கள். கோபத்தை இதில் கலக்க வேண்டாம். நினைவில்லாத இடத்தில் ‘நினைவில்லை’ என்றே எழுதுங்கள்.

4. இது அலட்சியம்தானா?

மோசமான முடிவு வந்ததாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. அந்தத் துறையில் பொறுப்பான ஒரு மருத்துவர் அப்படிச் செய்திருப்பாரா என்பதே அளவுகோல். 1957-இல் இங்கிலாந்தில் போலம் என்ற நோயாளி தொடுத்த வழக்கின் தீர்ப்பில் வந்த அளவுகோல் இது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் இதை ஏற்றது.

அடுத்த படி இன்னும் கடினம்: அந்தத் தவறால்தான் பாதிப்பு வந்தது என்று காட்ட வேண்டும். 1960களில் லண்டனில் ஒரு காவலாளி தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனார். பணியில் இருந்த டாக்டர் அவரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அவர் இறந்தார், தேநீரில் ஆர்சனிக் என்ற விஷம் இருந்தது. பார்க்காமல் அனுப்பியது தவறுதான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் பார்த்திருந்தாலும் விஷமுறிவு மருந்து கொடுக்க நேரம் போதியிருக்காது என்பதால் மனைவியின் இழப்பீட்டுக் கோரிக்கை தோற்றது. மனதுக்கு ஒப்பாத முடிவுதான், ஆனால் உங்கள் வக்கீலும் இதே கேள்வியைக் கேட்பார்: ‘சரியாகச் செய்திருந்தால் என்ன மாறியிருக்கும்?’

5. வக்கீலைத் தேர்ந்தெடுங்கள்

நிலத் தகராறில் கெட்டிக்காரராக இருப்பவருக்கு மருத்துவக் கோப்பு படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ அலட்சிய வழக்குகள் நடத்தியிருக்கிறாரா, நிபுணர் கருத்துக்கு எந்தத் துறை மருத்துவரை அணுகுவார், தோற்றால் உங்கள் தலையில் என்ன செலவு விழும் என்று நேரடியாகக் கேளுங்கள். ‘நிச்சயம் ஜெயிப்போம்’ என்று முதல் நாளே சொல்பவரிடமிருந்து விலகிவிடுவது நல்லது.

கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். இங்கிலாந்தில் ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தம் சாதாரணம். இந்தியாவில் வழக்கறிஞர் இழப்பீட்டில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானது. வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணையத்தில் விசாரியுங்கள்.

6. எங்கே கேட்பது?

போலீஸ் புகார், மருத்துவக் கவுன்சில் புகார், இழப்பீட்டு வழக்கு மூன்றும் தனித்தனி வழிகள். கவுன்சில் மருத்துவர் மேல் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும். இழப்பீடு வாங்கித் தராது. இந்தியாவில் கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் மருத்துவமனை அதில் வராது. அதற்கு சிவில் நீதிமன்றம் போன்ற வேறு வழிகளை வக்கீல் சொல்வார்.

7. அப்புறம்?

மருந்துச் செலவு, போக்குவரத்து, இழந்த சம்பளம், பார்த்துக்கொள்ள வைத்த ஆளின் கூலி, இனிமேல் தேவைப்படும் சிகிச்சை எல்லாவற்றுக்கும் ரசீதும் கணக்கும் வையுங்கள். வேலையை விட்டு நோயாளியைக் கவனிக்கும் குடும்பத்தினரின் நேரத்தையும் குறித்து வைத்து வக்கீலிடம் காட்டுங்கள்.

வக்கீல் நோட்டீஸ் போனதும் சமரசப் பேச்சு வரலாம். அது தவறில்லை, பல வழக்குகள் அங்கேயே முடிகின்றன. ஆனால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி உள்ள தாளில், எதிர்காலச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு மருத்துவர் எழுதித் தரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.