பழைய மோட்டார்ஹோம் வாங்குமுன்: முதலில் ஓதத்தைத் தேடுங்கள்

படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டிதான் மோட்டார்ஹோம். பத்துப் பதினைந்து வருடம் ஆன ஒன்றைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓடோமீட்டரைப் பார்க்கிறார்கள், இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கிறார்கள், மெத்தையை அழுத்திப் பார்க்கிறார்கள். முப்பதாயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிடும். ஆனால் இந்த வண்டிகள் ஓடி அழிவதைவிட நின்றே அழிவது அதிகம். கூரையில் ஒரு விரிசல், அதன் வழியே நாலு வருட மழை, உள்ளே மக்கிப்போன மரச்சட்டம். இன்ஜினோ கியர்பாக்ஸோ கெட்டால் செலவு எவ்வளவு என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார். மக்கிய சுவருக்கு அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது. பிரிக்கப் பிரிக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அதனால் சோதனையைத் தண்ணீர் புகுந்த தடத்திலிருந்து தொடங்குங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பழைய சந்தையில் அதிகம் கிடைப்பது ‘கிளாஸ் சி’ வகை. ஃபோர்டு ஈ-350 அல்லது ஈ-450 வேனின் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தின்மேல் வீட்டைக் கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை வைத்திருப்பார்கள். கீழே சொல்வது அதை மனத்தில் வைத்துத்தான். வீட்டுப் பகுதியைப் பற்றிச் சொல்வது மற்ற வகைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

போகுமுன் போனில் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். நீங்கள் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம். சில கோளாறுகள் குளிர்ந்த இன்ஜினில்தான் காதில் விழும். முந்தின இரவே ஃபிரிட்ஜைக் கேஸில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்த வகை ஃபிரிட்ஜ் குளிர எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். புரொப்பேன் தொட்டியிலும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலும் பாதியாவது இருக்கட்டும். பெட்ரோல் தொட்டி கால்வாசிக்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஜெனரேட்டருக்கு எரிபொருள் ஏறாது. வண்டியை ஓட்ட எரிபொருள் மிஞ்சட்டும் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள்.

குளிர்காலத்துக்காகக் குழாய்களில் உறையாமல் தடுக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் ஏற்றி வைத்திருக்கிறது என்று சொன்னால், குழாய்ச் சோதனை அன்று நடக்காது என்று அர்த்தம். உறைந்து வெடித்த குழாயும் அந்த நிலையில் வெளியே தெரியாது. வசந்தம்வரை பொறுங்கள், அல்லது தண்ணீர்ச் சோதனை முடியும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைக்க எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்.

கையில் டார்ச், டயர் பிரஷர் கேஜ், மல்டிமீட்டர், சோப்புத் தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே புட்டி, டிஷ்யூ பேப்பர், ஊசி வைத்த ஈரப்பத மீட்டர் ஆகியவை இருக்கட்டும். மீட்டர் மட்டும் கடையில் புதிதாக வாங்க வேண்டியிருக்கலாம். வாங்குங்கள், அன்றைய வேலையில் பாதி அதனுடையது.

கூரை, சுவர், தரை

ஏணி வைத்துக் கூரைக்கு ஏறுங்கள். நடக்க அனுமதி இருந்தால் ஒரு பலகையை விரித்து அதன்மேல் முழங்காலிட்டு நகருங்கள். கூரை பெரும்பாலும் மெல்லிய ரப்பர் விரிப்பு, அடியில் பிளைவுட். எங்காவது மெத்தைபோல் அமுங்கினால் அடிப்பலகை ஊறிவிட்டது. வெள்ளைப் பொடி கையில் ஒட்டுவது ரப்பர் மூப்படைவதால். அது மட்டும் ஆபத்தில்லை. பார்க்க வேண்டியது துளை போட்ட இடங்களை: காற்றுப்போக்கி, ஏசி, குளியலறைக்கு மேலுள்ள கண்ணாடிக் கூண்டு, ஆன்டெனா, முன்புறமும் பின்புறமும் கூரை சுவரோடு சேரும் விளிம்பு. அங்கெல்லாம் கூழ்போல் பரவிக் காய்ந்த சீலன்ட் இருக்கும். அது வெடித்து ஓரம் தூக்கியிருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துத் தொட்டு அடைக்க வேண்டிய இடங்கள் இவை. வருடக்கணக்கில் யாரும் ஏறாத கூரை பார்த்த உடனே தெரிந்துவிடும். சாதாரண சிலிக்கோனைப் பூசி வைத்திருந்தால் கூடுதலாகக் கவலைப்படுங்கள். அதன்மேல் வேறெந்த சீலன்டும் ஒட்டாது. முழுக்கச் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி செய்ய வேண்டும்.

கீழே இறங்கி வண்டியின் ஒரு மூலையில் நில்லுங்கள். கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, நீளவாக்கில் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் காலை அல்லது மாலை நேரம் இதற்குச் சரி. ஃபைபர்கிளாஸ் சுவர் கண்ணாடிபோல் நேராக ஓட வேண்டும். அலையோ கொப்புளமோ தெரிந்தால், வெளித்தகடும் அதன் பின்னாலுள்ள மெல்லிய ஒட்டுப்பலகையும் தண்ணீர் பட்டுப் பிரிந்துவிட்டன. விரல் முட்டியால் தட்டினால் நல்ல இடம் ‘டிக்’ என்கும், பிரிந்த இடம் ‘பொத்’ என்கும். ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மேல் இப்படி இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடலாம். சிறிய கொப்புளத்துக்குப் பசை ஏற்றுவார்கள். ஆனால் ஒழுகலின் வாயை அடைக்காமல் பசை ஏற்றினால் வீண். பழைய வண்டிகளில் நெளிவு வைத்த அலுமினியத் தகடு இருக்கும். அதில் கொப்புளம் வராது, உள்ளே மரம் மக்கிப்போனாலும் வெளியே தெரியாது. அங்கே கீழ்விளிம்புத் திருகுகளைத் திருப்பிப் பாருங்கள். பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் பிடிக்க மரமே இல்லை.

கிளாஸ் சி-யின் பலவீனமான இடம் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள படுக்கை. காற்று நேராக மோதும் இடம், ஐந்து சிறு விளக்குகள் திருகிப் பொருத்திய நெற்றி, பல வண்டிகளில் முன்ஜன்னல் வேறு. மெத்தையைத் தூக்கி ஓரத்தில் சாத்துங்கள். மூலைகளில் விரலால் அழுத்துங்கள். பலகை பிஸ்கட்போல் அமுங்கக் கூடாது, சுவர்த்தாள் சுருங்கியிருக்கக் கூடாது, ஸ்டேப்பிள் பின்களைச் சுற்றித் துருவளையம் இருக்கக் கூடாது. ஈரப்பத மீட்டரை முதலில் காய்ந்த இடம் என்று நிச்சயமாகத் தெரிந்த ஓர் உள்சுவரில் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இந்த மூலைகள், ஜன்னல்களின் கீழ் மூலைகள், அலமாரிகளின் உட்பக்கம் என்று வரிசையாக வையுங்கள். 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. இருபதைத் தாண்டினால் ஈரம் இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிறது.

தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடங்கள். குளியலறை வாசல், கழிப்பறையைச் சுற்றி, நுழைவாயில், ஸ்லைட்-அவுட்டின் (நிறுத்தியபின் இடம் கூட்ட வெளியே தள்ளும் சுவர்ப் பகுதி) வெளி ஓரம் ஆகியவை தரை மக்கும் இடங்கள். ஸ்லைட்-அவுட் இருந்தால் இரண்டு முறை முழுக்க வெளியே தள்ளி, முழுக்க உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். கோணலாகப் போனாலோ நடுவில் திணறினாலோ மோட்டார் அல்லது பல்சட்டத்தில் வேலை இருக்கிறது.

மூக்கையும் நம்புங்கள். உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் எதை மறைக்கிறது என்று தேடுங்கள். ஓர் அலமாரிக்குள் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலும் அப்படியே.

தண்ணீர்க் குழாய்

பம்பைப் போட்டு எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். சில விநாடிகளில் பம்ப் நின்று, அடுத்த பதினைந்து நிமிடம் வாயே திறக்கக் கூடாது. நடுநடுவே ‘டுர்’ என்று ஒரு கணம் ஓடினால் எங்கோ கசிகிறது, அல்லது பம்பின் தடுப்பு வால்வு தேய்ந்துவிட்டது. இணைப்புகளின் அடியில் டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றிப் பாருங்கள். ஈரக்கை கண்டுபிடிக்காததைக் காய்ந்த தாள் காட்டும். சபர்பன் நிறுவனத்தின் வாட்டர் ஹீட்டரில் எஃகுத் தொட்டியைக் காப்பதற்காக மக்னீசியக் கம்பி ஒன்று திருகியிருக்கும். ஹீட்டர் ஆறி, அழுத்தம் இறங்கிய பிறகு 1 1/16 அங்குல சாக்கெட்டால் கழற்றிப் பாருங்கள். முக்கால்வாசி கரைந்து உள்கம்பி மட்டும் மிச்சம் என்றால் கம்பியை மாற்றுவது சின்ன செலவு. ஆனால் பராமரிப்பு எப்படி நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

கேஸ், ஃபிரிட்ஜ், மின்சாரம்

கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதோடு நிறுத்தாமல், வாங்க முடிவான பிறகு கேஸ் டெக்னீஷியன் ஒருவரை வைத்து, கேஸ் அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டர் சோதனை செய்துகொள்ளுங்கள். ரெகுலேட்டர் 11 அங்குலத் தண்ணீர் உயர அழுத்தம் தர வேண்டும். எல்லாவற்றையும் மூடியபின் அது இறங்கக் கூடாது. புரொப்பேன் அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் கழற்றிப் பின்பக்கத் தேதியைப் பாருங்கள். ஐந்து முதல் ஏழு வருடத்தைத் தாண்டியிருந்தால், பொத்தானை அழுத்தும்போது கத்தினாலும் மாற்ற வேண்டியதுதான். உறங்கும் உயிர்களைக் காப்பவை அவை. பேரத்தில் விட்டுக்கொடுக்கிற விஷயமில்லை.

ஃபிரிட்ஜின் உள்ளே தெர்மாமீட்டர் 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்ட வேண்டும். வெளிச்சுவரிலுள்ள சிறு கதவைத் திறந்து பின்பக்கம் பாருங்கள். மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி அடித்தாலோ குளிரூட்டும் பகுதி ஓட்டையாகிவிட்டது; அடுப்புச் சுடரை அருகில் கொண்டுபோகாதீர்கள். இந்த ஃபிரிட்ஜ்களைச் சரிவில் நிறுத்தி ஓட்டினால் உள்ளே திரவம் தேங்கிக் குழாய் அடைபடும். பல ஃபிரிட்ஜ்களின் ஆயுள் அப்படித்தான் முடிகிறது. உள்ளே வெப்பம் தரும் ஃபர்னஸையும் ஓட்டிப் பாருங்கள். புரொப்பேனுக்குக் கலக்கும் நெடிக்குச் சிலந்தியும் குளவியும் வந்து பர்னர் குழாயில் கூடு கட்டும். சுடர் மஞ்சளாக எரிந்தால் அதுதான் காரணமாக இருக்கலாம். ஃபர்னஸ் குழாய்களின் அருகே எலிப்புழுக்கை இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துவிடுங்கள். எலி இருந்த வண்டியில் ஒயர் கடிபடாமல் இருப்பது அபூர்வம்.

வீட்டு பேட்டரியை வெளிமின்சாரத்திலிருந்து பிரித்து இரண்டு மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான். மறுபடி மின்சாரத்தில் செருகியதும் 13.6-ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் வெளிமின்சாரத்தை மாற்றி பேட்டரிக்கு ஏற்றும் கன்வர்ட்டர் போய்விட்டது. இன்னொன்று: இந்த வண்டிகளின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட். துணி உலர்த்தும் மெஷினின் பிளக்போல இருக்கிறதே என்று யாரோ 240 வோல்ட் இழுத்துக் கொடுத்த வீட்டில் செருகினால் எல்லாம் கருகிவிடும்.

ஜெனரேட்டரைச் சும்மா ஓட்டிக் காட்டினால் போதாது. கூரை ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பாரம் ஏறியதும் இன்ஜின் ஏறி இறங்கி மூச்சுவாங்கினால் கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகிவிட்டது. மாதம் ஒருமுறை பாதிப் பாரத்தில் இரண்டு மணி நேரம் ஓட்டச் சொல்கிறது ஜெனரேட்டர் தயாரிக்கும் ஓனன் நிறுவனம். மணிக்கணக்கு மீட்டர் மிகக் குறைவாகக் காட்டும் ஜெனரேட்டர் அப்படி ஓட்டப்படவில்லை. ஏசி உறிஞ்சும் காற்றுக்கும் ஊதும் காற்றுக்கும் எட்டு முதல் பதினொரு டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் நல்லது.

டயர்

டயரின் ஆழமான கோடுகளைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. எழுத்துக்குப் பிறகு வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3217 என்றால் 2017-ஆம் வருடத்தின் 32-ஆம் வாரம். ஏழு வருடம் ஆன டயர், கோடு புதிதுபோல் இருந்தாலும், பாரம் தூக்கும் பின்பக்கத்தில் வெடிக்கக் கூடியது. வெடிக்கும்போது சக்கர வளைவையும் தரையையும் பிய்த்துக்கொண்டு போகும். பின்னால் இரட்டைச் சக்கரம் என்பதால் மொத்தம் ஆறு. உள்சக்கரத்துக் குறியீட்டை வண்டிக்கு அடியில் படுத்துத்தான் படிக்க முடியும், படுத்துப் படியுங்கள். வெளியே தெரிபவற்றை மட்டும் மாற்றி வைத்த வண்டிகள் இருக்கின்றன. ஆறும் மாற்ற வேண்டுமானால் அந்தச் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும், விலையில் கழியுங்கள்.

இன்ஜினும் சாலையும்

1997-இலிருந்து இருபது வருடத்துக்கு மேல் ஈ-450 வண்டிகளில் வந்தது பத்து சிலிண்டர் கொண்ட 6.8 லிட்டர் வி10. உழைக்கும் இன்ஜின். இரண்டு குறை உண்டு. 2002-க்கு முந்தையவற்றில் ஸ்பார்க் பிளக் பிடிக்கும் மரைகள் குறைவு. பிளக் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயலாம். புகைவழி மேனிஃபோல்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் துருவேறி உடைவது இன்னொன்று. காலையில் கிளப்பியதும் ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டுச் சூடானதும் குறைந்தால் அதுதான். இரு இருக்கைகளுக்கும் நடுவிலுள்ள மூடியைத் திறந்தால் இன்ஜின் உள்ளிருந்தே தெரியும். கியர் ஆயிலின் டிப்ஸ்டிக்கில் சிவப்பு நிறம் இருக்க வேண்டும், கருகிய வாடை கூடாது. பிரேக் ஆயில் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் பல வருடம் மாற்றவில்லை.

ஒன்டாரியோ, கியூபெக், நியூ யார்க் பக்கம் ஓடிய வண்டி என்றால் சாலை உப்பு தின்ற பிரேக் குழாய்களையும் சேசிஸையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பது முக்கால் மணி நேரமாவது இருக்கட்டும், அதில் நெடுஞ்சாலையும் ஓர் ஏற்றமும் வர வேண்டும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா, ஏற்றத்தில் வெப்பமுள் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

எடை, காகிதம்

கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் மனிதர், சாமான் எல்லாம் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று இருக்கும். நாற்பது கேலன் தண்ணீரே 330 பவுண்டு. நீளமான வண்டி வாங்கினால் கூடுதலாக ஏற்றலாம் என்பது தவறு. நீளமும் ஸ்லைட்-அவுட்டும் அதே சேசிஸின் கணக்கைத்தான் தின்கின்றன.

சேசிஸ் ஆண்டும் வீட்டுப் பகுதியின் ஆண்டும் ஒரு வருடம் வித்தியாசப்படுவது வழக்கம், அது மோசடியில்லை. அமெரிக்காவில் வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் போட்டு, குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் திரும்ப அழைத்த ரீகால் பாக்கி இருக்கிறதா பாருங்கள். சேசிஸுக்கும் வீட்டுப் பகுதிக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனியாக வந்திருக்கலாம். இவ்வண்டிகளுக்குப் பதினைந்து, இருபது வருடக் கடன் கொடுக்கிறார்கள் என்பதால் வண்டிமேல் கடன் நிற்கிறதா என்பதைக் கட்டாயம் விசாரியுங்கள். ஒன்டாரியோவில் தனியார் விற்பவர் தர வேண்டிய யூ.வி.ஐ.பி. என்ற பழைய வண்டித் தகவல் தொகுப்பில் அது இருக்கும். பணம் கைமாறுமுன், வீட்டுப் பகுதியைச் சோதிக்கப் பயிற்சி பெற்ற ஆர்.வி. (வீட்டு வண்டி) இன்ஸ்பெக்டர் ஒருவரை அமர்த்திவிடுங்கள். அவருக்கு ஈர மீட்டரில் நீங்கள் குறித்த எண்களையும் எந்த மூலை என்ற குறிப்பையும் கொடுத்தால், நேராக அங்கே போய்த் திருகைக் கழற்றுவார்.