திருப்பூரில் முதல் லாட்: சொந்த டி-ஷர்ட் பிராண்டு தொடங்குவோருக்கு

சொந்தப் பெயரில் ஆடை பிராண்டு தொடங்க விரும்புவோர் பலரும் பத்து டிசைன்களோடு வருகிறார்கள். பத்து டிசைன், ஒவ்வொன்றிலும் நான்கு நிறம், ஐந்து சைஸ் என்றால் மொத்தம் 200 வகை. வகைக்கு ஐந்து பீஸ் வைத்தாலே 1,000 பீஸ் ஆகிவிடும். எம், எல் சைஸ்கள் முதலில் விற்றுத் தீர, மீதமுள்ள எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லும் போட்ட பணத்தோடு அலமாரியில் தங்கிவிடும். ஆகவே ஒரு ரவுண்ட் நெக் டி-ஷர்ட், இரண்டு நிறம், நான்கு சைஸ் என்று தொடங்குமாறு உறுதியாகச் சொல்வேன். எஸ், எம், எல், எக்ஸ்எல் சைஸ்களை 1:2:2:1 என்ற ரேஷியோவில் வெட்டக் கொடுப்பது முதல் லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் தைத்தெடுக்கும் முதல் தொகுதிக்குப் பொருந்தும்.

டி-ஷர்ட்டுக்கான பனியன் துணியை மீட்டரில் அல்ல, கிலோவில்தான் வாங்க வேண்டும். 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை 180 கிராம். அந்தத் துணியில் வெட்டுக் கழிவு உட்பட, பெரியவர்களுக்கான டி-ஷர்ட்டுகள் கிலோவுக்கு ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து வரை கிடைக்கும். நூல் வாங்கி, நிட்டிங் செய்து (துணியாகப் பின்னி), சாயப்பட்டறைக்குக் கொடுத்து, பின்னால் அதிகம் சுருங்காதபடி துணியை அமுக்கிப் பதப்படுத்தும் காம்பேக்டிங் முடித்து எடுப்பது பெரிய அளவுக்கே கட்டுப்படியாகும்; சாயப்பட்டறைகள் ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்ச எடை கேட்பதால், புதிதாக வருபவர்கள் சாயமிட்டுத் தயாராக இருக்கும் துணியை ரோலாக வாங்குவதே நல்லது. அப்போதும் ஒரே நிறத்து ரோல்கள் எல்லாம் ஒரே சாய லாட்டைச் சேர்ந்தவையா என்று கேட்டு வாங்க வேண்டும்; இல்லையேல் உடல் பகுதி ஒரு சாயலிலும் கை வேறொரு சாயலிலும் வந்து நிற்கும்.

துணியை வெட்டும் முன் சோதிப்பதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். இந்தத் தொழிலில் இதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கும் பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையால் குறித்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மீண்டும் அளக்க வேண்டும். 50 என்பது 47.5 ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். அதை ஈடுகட்டப் பேட்டர்னை (துணி வெட்டும் அளவு வடிவத்தை) மாற்ற வேண்டும், அல்லது துணியையே மறுக்க வேண்டும். சதுரம் சாய்ந்திருந்தால், நூலின் முறுக்கு காரணமாகத் துவைத்தபின் பக்கத் தையல் முன்புறம் திரும்பிவிடும் துணி அது. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெட்டுவதற்கு முன் ரோலைப் பிரித்து, இழுவிசை தளர ஒரு நாள் தளர்வாகப் போட்டுவைப்பதும் அவசியம்.

கட்டிங், ஓவர்லாக் (பாகங்களை இணைக்கும் தையல்), பிளாட்லாக் (ஓரம் மடித்துத் தைப்பது), செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவற்றைத் தனித்தனி இடங்களில் கொடுக்கலாம் என்றாலும், முதல் முறை எல்லாவற்றையும் ஒரே யூனிட்டில் பேசி முடிப்பது நல்லது. ஒவ்வொரு சைஸிலும் இரண்டு சாம்பிள் தைத்து வாங்கி, அளந்து, துவைத்துப் பார்த்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்ட பிறகே மொத்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்; பின்னால் அளவில் தகராறு எழுந்தால் அந்தச் சாம்பிளே சாட்சி.

விலையை அடக்கத்தோடு ஏதோ ஒரு தொகையைக் கூட்டி முடிவு செய்யக் கூடாது. உதாரணமாக, துணி 110, தையல் 60, பிரின்ட் 30, லேபிளும் பேக்கிங்கும் 20 என அடக்கம் 220 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 599 ரூபாய்க்கு விற்றால் 5 சதவீத ஜிஎஸ்டி போக ஏறக்குறைய 570 வரும். கடைக்காரர் அதில் 35 சதவீதம் எடுத்தால் உங்கள் கைக்கு 370 வந்து, அடக்கம் போக 150 மிஞ்சும். விளம்பரம், திரும்பி வரும் பீஸ்களின் கூரியர் கட்டணம், தள்ளுபடியில் போகும் மிச்சம் எல்லாம் அந்த 150-க்குள் அடங்க வேண்டும். கடைகளுக்குக் கொடுக்கும் எண்ணம் பிற்பாடுதான் என்றாலும், அந்தப் பங்குக்கு இடம் விட்டே முதல் நாள் விலையை வையுங்கள்.

பெயரை அச்சிடும் முன், வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் ஆடைகளுக்குரிய 25-ஆம் வகுப்பில் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். சிறு, குறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. 22.9.2025 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

விற்பனை தொடங்கியதும், விற்ற சைஸையும் நிறத்தையும் மட்டுமல்ல, கேட்டும் கொடுக்க இயலாமற் போனவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். இரண்டாம் லாட்டின் ரேஷியோவை அந்த நோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். முதல் லாட் துணியில் கால் மீட்டரைத் துவைக்காமல், வெயில் படாமல் எடுத்து வைத்திருந்தால், அடுத்த முறை அதே நிறத்தைக் கேட்டு வாங்க அந்தத் துண்டையே காட்டலாம்.