சுங்கை சிப்புட் போகிறவர்கள் கோலாலம்பூரில் அறை பிடிக்கும் முன்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்தான் என் ஊர். அங்கே போய்விட்டு டொரன்டோ திரும்பி மூன்று வாரம் ஆகிறது. மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து எங்கெங்கோ போய்க் குடியேறிய நம்மில் பலர், ஊருக்குப் போகும்போது முதல் ஓரிரு இரவை கோலாலம்பூரில் கழித்துவிட்டுத்தான் வடக்கே கிளம்புகிறோம். அந்த இரவுகளுக்கு ஹோட்டல் பெயரை மறைத்து விற்கும் தளங்களில் அறை பிடிக்க நினைப்பவர்களுக்குத்தான் இது.

முறை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டாரம், நட்சத்திரம், விலை இவ்வளவுதான் நம் கண்ணுக்குத் தெரியும். எந்த ஹோட்டல் என்பது பணம் கட்டிய பிறகே தெரியவரும். 1998-ல் பிரைஸ்லைன் தளம் வந்தபோது விலையையும் நாமேதான் சொல்ல வேண்டும். நாம் சொன்ன விலையை ஹோட்டல் ஏற்றால் அந்த நொடியே கார்டில் பணம் போய்விடும். ஏற்காவிட்டால் ஒரு நாள் பொறுக்க வேண்டும், அல்லது வட்டாரத்தையோ நட்சத்திரத்தையோ மாற்றிக் கேட்க வேண்டும். நாம் கேட்கும் நட்சத்திரத்தில் ஹோட்டலே இல்லாத ஒரு வட்டாரத்தைக் கூடச் சேர்த்துக்கொண்டு, உடனே மறுபடி விலை சொல்வது அந்தக் காலத்து சூட்சுமம். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் நான் அப்படித்தான் நல்ல அறைகளைப் பாதி விலைக்குப் பிடித்தேன். அந்த ஏலம் இப்போது இல்லை. பிரைஸ்லைனில் எக்ஸ்பிரஸ் டீல்ஸ், ஹாட்வயரில் ஹாட் ரேட் என்று விலை போட்டு, பெயரை மட்டும் மறைத்து விற்கிறார்கள். இரவு கழிந்துவிட்டால் காலி அறை காசாகாது. பெயரைப் போட்டு விலையைக் குறைத்தாலோ முழு விலை கொடுக்க வருகிறவரும் அதையே கேட்பார். ஹோட்டல்காரர் பெயரை மறைப்பது அதனால்தான்.

ஆகவே பெரிய ஹோட்டல்கள் நிறைய இருந்து, விலையும் ஏறிக்கிடக்கும் நகரங்களில்தான் இதில் லாபம். கோலாலம்பூரில் பெயர் தெரிந்த அறையே நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. முப்பது, நாற்பது வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிக்க, ரத்து செய்யவோ தேதி மாற்றவோ முடியாத அறையை வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஊருக்குப் பக்கத்து நகரமான ஈப்போவில் அதற்கு அவசியமே இல்லை. சுங்கை சிப்புட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அங்கே நமக்கு வீடு இருக்கிறது. எனக்கு நடந்ததும் அந்த வீட்டை வைத்துத்தான்.

அப்பாவின் திதிக்காகப் போனேன். மூன்று இரவுக்கு கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் பெயர் மறைத்த அறை ஒன்றைக் கனடாவிலிருந்தே பிடித்தேன். 186 டாலர், முழுப் பணமும் கட்டியாயிற்று. முதல் நாள் இரவு தூங்கி எழுந்து, காலை இடிஎஸ் விரைவு ரயிலில் ஊருக்குப் போய், திதியை முடித்துவிட்டு, மாலை ரயிலில் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அத்தையிடம் கேட்கவில்லை. நான் வரும் நேரத்தை மட்டும் சொல்லியிருந்தேன்.

விமான நிலையத்தில் வெளியே வந்தால், மச்சானோடு அத்தை நிற்கிறார். 78 வயது. முட்டி வலியோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"நாளைக்கு உங்க அப்பனுக்கு திதி. இன்னிக்கு ராத்திரி வீட்டுல விளக்கு வைக்க வேணாமா? வீடு வாசல் இல்லாதவன் மாதிரி ஹோட்டல்ல போய்ப் படுப்பியா? சனம் என்ன பேசும்?"

அறைக்குப் பணம் கட்டிவிட்டேன் என்றேன். "அது எங்கயும் ஓடிப்போகாது, நாளைக்கு வந்து படுத்துக்க" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. காரில் ஏறிவிட்டேன்.

தோட்டத்தில் வரிசையாக நின்ற லயத்து வீடுகள் போய் எத்தனையோ வருஷமாகிறது. ரப்பர் பால் மரம் நின்ற இடமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. அத்தை இருப்பது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு சின்ன வீடு. அன்றிரவு பழைய பெட்டியைத் திறந்து தாத்தாவின் பங்குப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தாவும் சேர்ந்திருந்தார். வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போகும் தோட்டத்தை நாமே வாங்க வேண்டும் என்று பால் வெட்டிய காசில் கட்டிய பணம். கூடத்தில் மழைக்கு ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் திதி முடிந்ததும் அத்தையும் கூடவே கிளம்பினார். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, கோலாலம்பூரில் காட்ட வேண்டும், உன் அறையில்தான் இரண்டு பேர் படுக்கலாமே என்றார். இரவு ஒன்பது மணிக்கு ஹோட்டல் கவுன்டரில் போய் நின்றோம். பட்டியலில் என் பெயர் இல்லை.

முதல் இரவு நான் வரவில்லை. சொல்லாமல் வராமல் போனவர் கணக்கில் சேர்த்து மூன்று இரவையும் ரத்து செய்துவிட்டார்கள். அறை வேறொருவருக்குப் போய்விட்டது. இது அந்த ஒரு ஹோட்டலின் வழக்கம் மட்டுமல்ல, உலகம் முழுக்க உள்ளதுதான். முதல் இரவு நாம் போகாவிட்டால் மிச்ச இரவுகளும் பறிபோகலாம். முன்கூட்டியே ஒரு போன் போட்டு "நாளைக்கு வருகிறேன், அறையை வைத்திருங்கள்" என்று சொல்லி, சொன்னதை மின்னஞ்சலிலும் வாங்கியிருந்தால் தப்பித்திருக்கலாம். காரில் போய்க்கொண்டிருந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

பணம் தளத்திடம் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள் என்றது கவுன்டர். ஹோட்டல் ஒப்புக்கொண்டால்தான் திருப்பித் தருவோம் என்றது தளத்தின் தொலைபேசி. மறுபடி கவுன்டர். மேலாளர் காலையில்தான் வருவாராம். மறுபடி தொலைபேசி. முதலிலிருந்து பெயர், எண், தேதி. இரண்டு மணி நேரம் இப்படியே போயிற்று. அத்தை சோபாவில் உட்கார்ந்து வீங்கிய காலை அமுக்கிக்கொண்டே இருந்தார். எவ்வளவு பணம் போயிற்று என்று கேட்டார். சொன்னேன். வெள்ளியில் எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சுருக்குப் பையை அவிழ்த்து, நாலாக மடித்த இரண்டு ஐம்பது வெள்ளி நோட்டை என் சட்டைப் பையில் வைத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். "வச்சுக்கடா, ஊருக்கு வந்து நட்டப்பட்டுட்டு போகக் கூடாது" என்றார்.

நான் இல்லாத வருஷங்களில் அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸில் நேரே போய்க் கேட்டு 160 வெள்ளிக்கு அறை எடுத்தோம். இரண்டு தனிக் கட்டில் தந்தார்கள். பெயர் மறைத்த அறையில் அதைக்கூட உறுதியாகக் கேட்க முடியாது. இரண்டு பெரியவர்கள் தங்கலாம் என்பது மட்டுமே உறுதி. ஒரே கட்டிலா இரண்டா என்பது ஹோட்டல் கொடுப்பதைப் பொறுத்தது. வயதானவரையோ பிள்ளைகளையோ கூட்டிப் போகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அந்தக் கவுன்டரில்தான் இன்னொன்றும் நடந்தது. 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. அத்தையின் நீல ஐசியை, அதாவது குடிமக்கள் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, என் கனடா கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) பார்த்தார் அந்தப் பையன். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, என் ஐசியை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அங்கிளுக்கு மட்டும் டாக்ஸ் உண்டு" என்றார் தமிழில். பத்து வெள்ளி பெரிய பணமில்லை. அத்தை பக்கத்தில் நிற்கும்போது அதை எடுத்துக் கொடுக்கத்தான் கை தயங்கியது. நீங்கள் தளத்திலேயே அந்த வரியைக் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டுங்கள், இரண்டு தடவை கட்ட வேண்டியதில்லை. அறை வாடகைக்குச் சேவை வரி தனி, 2024 மார்ச்சிலிருந்து 8 விழுக்காடு. வரியெல்லாம் சேர்த்த விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெயர் மறைத்த அறையின் மலிவு பல சமயம் காணாமல் போய்விடும்.

அப்புறம், தேதி. வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் சில சமயம் நள்ளிரவு தாண்டி இறங்குவார்கள். 12-ஆம் தேதி அதிகாலை ஒரு மணிக்கு வருகிறவருக்கு 11-ஆம் தேதி இரவுக்கான அறை வேண்டும். ரத்து செய்ய முடிந்த சாதாரண முன்பதிவில் தவறினால் மாற்றலாம், இதில் முடியாது. வெளிநாட்டுக் கடப்பிதழில் வருகிறவர்கள், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மின்னியல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். அதில் தங்குமிட முகவரி கேட்பார்கள். நான் ஹோட்டல் முகவரியைத்தான் எழுதியிருந்தேன்.

தைப்பூசம், தீபாவளி, சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை நாட்களில் பெயர் மறைத்த அறைகளும் குறைந்துவிடும், ரயில் டிக்கெட்டும் தீர்ந்துவிடும். அந்த நாட்களில் போவதென்றால் ரத்து செய்ய முடிந்த சாதாரண அறையாகச் சீக்கிரமே பிடித்து வையுங்கள். அதற்கும் முன்னால் வீட்டுக்குப் போன் போட்டு, எந்தெந்த ராத்திரி நாம் அங்கே இருக்க வேண்டும் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அத்தைக்கு ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தேதி இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்த பிறகுதான் டிக்கெட் எடுக்கப் போகிறேன். அறை பிடிக்கவில்லை. கூடத்தில் அந்த வாளி இருக்கும் மூலையின் கூரையைப் பார்க்கச் சொல்லி மச்சானுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.